ரிலீஸ் பில்டில் வேரியபிள் தப்பாகத் தெரிகிறதா? ஓ0, ஓஜி, ரெஜிஸ்டர்: எதை எப்போது எடுப்பது

நிரல் ஒரு பிரேக்பாயிண்டில் நிற்கிறது. ‘நிலை’ என்ற வேரியபிளின் மதிப்பு -8432 என்கிறது டிபக்கர். அழைத்த இடத்தில் அனுப்பியதோ 2. சரி, மெமரியை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி அடுத்த வரிக்குப் போகிறோம். அங்கே ‘நிலை 2 ஆக இருந்தால்’ என்று ஒரு இஃப். -8432 வைத்திருக்கும் நிரல் அதற்குள் போகக் கூடாது. ஆனால் சமர்த்தாகப் போகிறது.

இங்கே மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்பது: ஆப்டிமைசேஷனை (கம்பைலர் வேகத்துக்காகக் கோடை மாற்றியமைப்பதை) ஓ0 ஃபிளாக் போட்டு அணைத்து மறுபடி பில்ட் செய்யட்டுமா, இல்லை இதையே வைத்துக்கொண்டு அசெம்பிளியோடு மல்லுக்கட்டட்டுமா? இரண்டுக்கும் நடுவில், ஓஜி என்ற இடைநிலை ஆப்டிமைசேஷன் அளவு போல, வேறு வழிகளும் உண்டு. ஆனால் அந்த -8432 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

## -8432 எங்கிருந்து வந்தது?

64 பிட் இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் ஃபங்ஷனின் இரண்டாவது ஆர்க்யுமெண்ட் ஆர்எஸ்ஐ ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) வரும். ‘நிலை’ அங்கேதான் வந்தது. கம்பைலர் உருவாக்கிய கோட், ஃபங்ஷனுக்குள் நுழைந்தவுடன் அதை 2 உடன் ஒப்பிட்டு, முடிவை வேறொரு ரெஜிஸ்டரில் எடுத்து வைத்துக்கொண்டது. அதன்பின் ‘நிலை’யால் யாருக்கும் வேலை இல்லை, ஆர்எஸ்ஐ காலி. அடுத்து உள்ளே அழைத்த ஒரு ஃபங்ஷன் அதே ரெஜிஸ்டரில் ஏதோ ஒரு ஸ்டாக் முகவரியை விட்டுச் சென்றது. அந்த முகவரியின் கீழ் 32 பிட் ஹெக்ஸில் எஃப்எஃப்எஃப்எஃப்-டிஎஃப்10. குறியுள்ள இண்டாகப் படித்தால் சரியாக -8432.

ஆக, மெஷினில் எதுவும் கெடவில்லை. ‘நிலை இன்னும் ஆர்எஸ்ஐயில்தான் இருக்கிறது’ என்று டிபக் தகவல் (எந்த வேரியபிள் எங்கே இருக்கிறது என்று கம்பைலர் டிபக்கருக்கு எழுதிவைக்கும் குறிப்பு) சொன்னதுதான் தப்பு. தகவல் ஒழுங்காக இருந்திருந்தால் டிபக்கரான ஜிடிபி ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ (ஆப்டிமைசேஷனில் போய்விட்டது) என்று கையை விரித்திருக்கும். அது எரிச்சலாக இருந்தாலும் நேர்மையான பதில்.

இப்படிப்பட்ட எண்களோடு பழகிவிடுவது நல்லது. லினக்ஸில் ஜிடிபிக்குள் ஓடும்போது ஒரு இண்ட் 32767 என்றோ 21845 என்றோ தெரிந்தால், பெரும்பாலும் அது ஏதோ ஒரு முகவரியின் மேல்பாதி: முன்னது ஸ்டாக், பின்னது நிரலின் சொந்தக் கோடும் டேட்டாவும் இருக்கும் பகுதி. வேரியபிளுக்கு இன்னும் மதிப்பே தரப்படவில்லை, அல்லது அதன் இடத்தை வேறொன்று எடுத்துக்கொண்டுவிட்டது. விஷுவல் ஸ்டுடியோ பக்கம் -858993460 தெரிந்தால், டிபக் பில்ட் ஸ்டாக்கில் நிரப்பும் ஹெக்ஸ் சிசி பைட்டுகள். -842150451 என்றால் ஹீப்பில் நிரப்பும் சிடி பைட்டுகள்.

மதிப்பே இல்லாமல் போவது ஒரு வகை. அதைவிட விஷமமானது, மதிப்பு இருக்கும், ஆனால் வேறு நேரத்து மதிப்பாக இருக்கும் வகை. கம்பைலர் ஒரு அசைன்மெண்டைக் கீழே தள்ளியிருந்தால், அந்த வரியைத் தாண்டி நின்றாலும் பழைய மதிப்பே தெரியும். மேலே ஏற்றியிருந்தால் அந்த வரி நடப்பதற்கு முன்பே புதியது தெரியும். ஜான் ஹென்னஸி 1982-லேயே இதை வகைபிரித்து ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் தீராததற்குக் காரணம் உண்டு: மூலத்தில் நாம் எழுதிய வேரியபிள் என்ற பொருளே ஆப்டிமைஸ் ஆன நிரலில் இல்லாமல் போகலாம். லூப் எண்ணி ‘ஐ’யைத் தூக்கிவிட்டு பாயிண்டரை நான்கு நான்காக நகர்த்தினால், ‘ஐ எவ்வளவு?’ என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொரு பொறி. டிபக்கரில் வேரியபிளின் மதிப்பை மாற்றிவிட்டுத் தொடர்வோமே, ஆப்டிமைஸ் ஆன கோடில் அதை நம்பவே வேண்டாம். கம்பைலர் அந்த மதிப்பின் இன்னொரு பிரதியை வைத்திருந்தாலோ, கான்ஸ்டண்டாக ஏற்கெனவே பதித்துவிட்டிருந்தாலோ, நாம் மாற்றியது யார் கண்ணிலும் படாது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: பில்டை மாற்றினால் பக் அப்படியே இருக்குமா? கம்பைலர் ஃபிளாக் ஒன்றை மாற்றினாலே அது வேறொரு நிரல். மறைந்துபோன பக்கை எவ்வளவு தெளிவான டிபக்கரில் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, திரையில் தெரியும் மதிப்பை எந்த அளவுக்கு நம்பலாம். மூன்றாவது வேகம்: பக் வரும் இடத்தை அடையவே இருபது நிமிடம் ஆகும் நிரலில் இது சின்ன விஷயம் அல்ல. நான்காவது, மறுபடி பில்ட் செய்ய முடிகிற நிலையில் இருக்கிறோமா. வேறொருவர் மெஷினில் இருந்து வந்த கோர் டம்ப் (நிரல் விழுந்த நொடியின் மெமரி நகல்) என்றால் கதையே வேறு. கடைசியாக, நம் கையில் என்ன திறமை இருக்கிறது. அசெம்பிளி படிக்கத் தெரியாது என்பதில் வெட்கமில்லை, ஆனால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

| வழி | பக் நிலைக்குமா | மதிப்பை நம்பலாமா | வேகம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| எல்லாம் ஓ0 | பல நேரம் மறையும் | கிட்டத்தட்ட முழுதாக | சில மடங்கு மந்தம் | ‘டிபக் பில்ட்’ கூடவே இழுத்து வரும் மற்ற மாற்றங்கள் |
| ஓஜி | ஓ0-ஐவிட வாய்ப்பு அதிகம் | பாதிக்குப் பாதி | பரவாயில்லை | கம்பைலருக்குக் கம்பைலர் வேறு பொருள் |
| ஒரு ஃபங்ஷன் மட்டும் ஓ0 | பெரும்பாலும் நிலைக்கும் | அந்த ஃபங்ஷனுக்குள் நம்பலாம் | கிட்டத்தட்ட முழு வேகம் | எடுக்க மறப்பது |
| பிரிண்ட், வாலட்டைல் | டைமிங் பக் என்றால் சந்தேகம் | அச்சான மதிப்பை நம்பலாம் | எழுதும் அளவைப் பொறுத்தது | ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பில்ட் |
| பைனரியைத் தொடாமல் ரெஜிஸ்டர் | அப்படியே | படித்தவர் கையில் முழுதாக | முழு வேகம் | கற்கும் நேரம் |
| பதிவுசெய்து பின்னோக்கி ஓட்டுவது | பதிவானால் அப்படியே | உயிரோடு இருந்த நொடிக்குத் திரும்பலாம் | ஒரே கோர் | மெஷின் ஒத்துழைக்க வேண்டும் |

## எல்லாவற்றையும் ஓ0-இல் கட்டுவது

ஓ0-இல் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஸ்டாக்கில் நிரந்தர வீடு உண்டு. ஒவ்வொரு வரி முடிந்ததும் மதிப்பு அங்கே எழுதப்பட்டுவிடும். ஸ்டெப் போட்டால் வரி வரியாகப் போகும், மாற்றிய மதிப்பு மாறும், வாட்ச்பாயிண்ட் வேலை செய்யும். பக் அங்கேயும் வருகிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். லாஜிக் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

வராவிட்டால்தான் சிக்கல். மதிப்பு தராத வேரியபிள் ஓ0-இல் தற்செயலாகப் பூஜ்யம் கிடந்த இடத்தில் உட்கார்ந்து நல்ல பிள்ளையாக நடிக்கும். அப்படி மறைவது நஷ்டம் அல்ல, ஒரு துப்பு: பக் அநேகமாக மதிப்பு தராத வேரியபிளிலோ, வரம்பு மீறிய எழுத்திலோ, த்ரெட் போட்டியிலோ, சி மொழி வரையறுக்காத நடத்தையிலோ இருக்கிறது. அந்தத் துப்பு கிடைத்ததும் டிபக்கரை மூடிவிட்டு, ரிலீஸின் வழக்கமான ஆப்டிமைசேஷன் அளவான அதே ஓ2-வில் அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரும் (ஓடும்போதே தவறைப் பிடிக்கக் கம்பைலர் சேர்க்கும் சோதனைகள்) போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அட்ரஸ் சானிடைசரின் விலை சுமார் இரண்டு மடங்கு மந்தம், அவ்வளவுதான். மதிப்பு தராத வேரியபிளைப் பிடிக்க இந்த இரண்டும் போதாது. அதற்கு கிளாங் கம்பைலரின் மெமரி சானிடைசரோ, வால்கிரைண்ட் என்ற மெமரிச் சோதனைக் கருவியோ வேண்டும். த்ரெட் போட்டிக்கு த்ரெட் சானிடைசர்.

இதில் நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘டிபக்’ என்ற கான்ஃபிகரேஷனுக்கு மாறுவதும் ஓ0-க்கு மாறுவதும் ஒன்றல்ல. டிபக்குக்கு மாறினால் அசர்ட்டுகள் விழித்துக்கொள்கின்றன; விஷுவல் ஸ்டுடியோவில் ஹீப்பே வேறாகிறது, மெமரியில் நிரப்பும் எண் மாறுகிறது. மூன்று நான்கு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்துவிட்டு, பக் ஏன் மறைந்தது என்று தலையைச் சொறிந்தால் விடை கிடைக்காது. ரிலீஸ் கான்ஃபிகரேஷனையே எடுத்து, ஆப்டிமைசேஷன் அளவை மட்டும் மாற்றுங்கள்.

மற்ற செலவுகள்: ஸ்டாக் ஃபிரேம் பெருத்துவிடுவதால் ஆழமான ரிகர்ஷனில் புதிதாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வரலாம். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் ஃபார்ட்டிஃபை (பஃபர் மீறல்) சோதனைகள் ஆப்டிமைசேஷன் இல்லாமல் வேலை செய்யாது. ஜிசிசி கம்பைலரின் ‘மதிப்பு தராமல் போயிருக்கலாம்’ எச்சரிக்கையும் அப்படித்தான். லினக்ஸ் கெர்னல் ஓ0-இல் கம்பைலே ஆகாது. தேவையற்ற கிளைகளைக் கம்பைலர் நீக்கிவிடும் என்று நம்பி எழுதப்பட்ட கோட் அது.

## ஓஜி

2013-இல் வந்த ஜிசிசி 4.8 கொண்டுவந்த அளவு இது. டிபக்குக்கு இடைஞ்சல் தராத ஆப்டிமைசேஷனை மட்டும் செய்வதாக வாக்கு. அன்றாடம் எழுதி, கட்டி, டிபக் செய்யும் சுற்றுக்கு இதையே பயன்படுத்துங்கள் என்று ஜிசிசி கையேடும் சொல்கிறது.

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஓஜியில் கட்டினாலும் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ வரத்தான் செய்கிறது, அதுவும் சரியாக நாம் பார்க்க நினைத்த வேரியபிளுக்கு. கடைசியாகப் பயன்பட்ட இடத்தைத் தாண்டியதும் ரெஜிஸ்டரை விட்டுக்கொடுப்பது ஓஜியிலும் நடக்கிறது. கிளாங்கில் இந்தப் பெயர் வெகுகாலம் ஓ1-க்கு மறுபெயராக மட்டுமே இருந்தது. ஜிசிசியில் கிடைத்த அனுபவத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஓ0-இல் ஓடவே முடியாத அளவு மந்தமான நிரல்களுக்கு, உதாரணமாக டெம்ப்ளேட் மேல் டெம்ப்ளேட்டாக அடுக்கிய சி++ கோடுக்கோ, ஃபிளாஷ் மெமரியில் ஓ0 பைனரி கொள்ளாத சிறு கண்ட்ரோலருக்கோ, இது சரியான சமரசம்.

## ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் அவிழ்ப்பது

என்னைக் கேட்டால் முதலில் முயல வேண்டியது இது. ஏனோ குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

சந்தேகப்படும் ஃபங்ஷனின் தலையில் ஒரு குறிப்பு போட்டால் போதும். கிளாங்கில் ‘ஆப்ட்நன்’ அட்ரிபியூட், விஷுவல் சி++-இல் ஆப்டிமைஸ் பிராக்மாவை ‘ஆஃப்’ செய்வது, ஜிசிசியில் ‘ஆப்டிமைஸ்’ அட்ரிபியூட்டுக்கு ஓ0. ஜிசிசி தன் கையேட்டிலேயே இந்த அட்ரிபியூட் டிபக்குக்கு மட்டும், ப்ரொடக்ஷனுக்கு வேண்டாம் என்று எச்சரிக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே. கூடவே ‘நோஇன்லைன்’ போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபங்ஷன் அழைத்தவருக்குள் கரைந்து, பிரேக்பாயிண்ட் எங்கே விழுகிறது என்றே புரியாமல் போகலாம். ரஸ்டில், கார்கோ ப்ரொஃபைலில் ஒரு கிரேட்டுக்கு (ரஸ்டின் பேக்கேஜ்) மட்டும் ஆப்டிமைசேஷன் அளவைக் குறைக்கலாம்.

நிரலின் மீதி முழுக்க அதே வேகத்தில் ஓடுவதால் பக் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. மறைந்துவிட்டால்? அதுவும் லாபம்தான்: பக் அந்த ஃபங்ஷனுக்குள்ளோ அதன் எல்லையிலோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்படியே பாதிப் பாதியாக அவிழ்த்துக் குற்றவாளியைத் தேடலாம்.

ஃபங்ஷனுக்குப் பதில் ஒரு முழு ஃபைலை ஓ0-இல் கட்டும்போது மட்டும் ஒரு நுணுக்கம். ஹெடரில் இருக்கும் இன்லைன் ஃபங்ஷன்களின் பிரதிகள் அந்த ஆப்ஜெக்ட் ஃபைலில் ஓ0 வடிவில் உருவாகும். லிங்கர் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். அது இந்த மந்தமான பிரதியாக இருந்துவிட்டால், தொடாத ஃபைல்களும் அதையே அழைக்கும்.

மறைசெலவு என்று அட்டவணையில் ‘எடுக்க மறப்பது’ என்று எழுதியது சும்மா இல்லை. நானே ஒருமுறை அந்தப் பிராக்மாவை விட்டுவிட்டு கமிட் செய்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து ‘ஏன் திடீரென்று மெதுவாகிவிட்டது’ என்று வேறொருவர் தேட ஆரம்பித்தபோதுதான் ஞாபகம் வந்தது. ரிப்போவில் இந்தச் சொல் நுழைந்தாலே சிஐ (கமிட் ஆனதும் தானாக ஓடும் சோதனை) தடுக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

விஷுவல் ஸ்டுடியோக்காரர்களுக்கு இதையே கைபடாமல் செய்யும் வசதி 2025-இல் வந்தது. 2022 பதிப்பின் 17.14 வெளியீட்டில் சேர்ந்த டைனமிக் டிபக்கிங், ஆப்டிமைஸ் ஆன பைனரியோடு ஆகாத ஒரு பிரதியையும் சேர்த்துக் கட்டிவைக்கிறது. பிரேக்பாயிண்ட் போட்ட ஃபங்ஷனுக்கு மட்டும் அந்தப் பிரதிக்கு மாறிக்கொள்கிறது. 64 பிட் இன்டெல், ஏஎம்டிக்கு மட்டும். லிங்க் நேர ஆப்டிமைசேஷனோடு ஒத்துப்போகாது. பில்ட் நேரமும் டிஸ்க்கும் கூடும். ஜாவாக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர்கள் விஎம் இதைப் பல காலமாக ஓட்டத்திலேயே செய்துவருகிறது.

## பிரிண்ட், வாலட்டைல்

கிண்டல் செய்பவர்கள் உண்டு, ஆனால் லட்சம் தடவை சுற்றும் லூப்பில் எழுபதாயிரத்துச் சொச்சமாவது சுற்றில் மட்டும் தவறு என்றால் பிரிண்ட்தான் ஜெயிக்கும். அச்சாகும் மதிப்பு நிரல் உண்மையில் கணக்கிட்ட மதிப்பு. டிபக் தகவலின் தயவு தேவையில்லை.

ஆனால் பிரிண்ட் ஒரு ஃபங்ஷன் அழைப்பு. அதைச் சேர்த்ததும் ரெஜிஸ்டர் ஒதுக்கீடு மாறும், த்ரெட்டுகளின் டைமிங் மாறும். கிராஷ் ஆகும் நிரலில் எஸ்டிடி-அவுட்டுக்கு எழுதினால் கடைசி வரிகள் பஃபரோடு போய்விடும், எஸ்டிடி-எர்ருக்கு எழுதுங்கள். மதிப்பு உயிரோடு இருந்தால் போதும், அச்சாக வேண்டாம் என்றால் வேரியபிளை வாலட்டைல் (ஒவ்வொரு தடவையும் மெமரியிலேயே படி, எழுது என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) ஆக்கலாம். இன்னும் மென்மையான வழி, அந்த இடத்தில் ஒரு வெற்று இன்லைன் அசெம்பிளி வரி எழுதி வேரியபிளை அதற்கு இன்புட்டாகக் கொடுப்பது. இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றுகூடக் கூடாமல் போகலாம், ஆனால் அதுவரை மதிப்பை எங்காவது வைத்திருக்கக் கம்பைலர் கடமைப்பட்டிருக்கிறது.

## பைனரியைத் தொடாமல் படிப்பது

பில்டை மாற்றினால் பக் ஓடிவிடுகிறது, அல்லது மாற்ற உரிமையே இல்லை. அப்போது இதுதான் வழி. பயப்படும் அளவுக்கு இல்லை. முழு அசெம்பிளியும் தெரிய வேண்டாம், மூன்று விஷயம் போதும்.

ஒன்று, ஆர்க்யுமெண்டுகள் வரும் வரிசை. லினக்ஸில் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. விண்டோஸில் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. ஃபங்ஷனின் பெயரில் பிரேக்பாயிண்ட் போட்டால் டிபக்கர் முன்னுரை இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தாண்டி நிற்கும். நட்சத்திரக் குறி சேர்த்து சரியான முதல் முகவரியிலேயே நிறுத்தினால் இந்த ரெஜிஸ்டர்களில் இருப்பதை அப்படியே நம்பலாம்.

இரண்டு, அழைப்பைத் தாண்டி உயிர்பிழைக்கும் ரெஜிஸ்டர்கள்: லினக்ஸில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை. மற்றவை அழைப்புக்குப் பிறகு குப்பை. நம் -8432 இந்த விதி தெரிந்தவரை ஏமாற்றியிருக்காது: நடுவில் ஒரு அழைப்பு நடந்திருக்கிறது, ஆர்எஸ்ஐ பிழைக்காத கூட்டம், ஆகவே அந்த மதிப்பு செல்லாது.

மூன்று, ஒரு ஃபிரேம் மேலே ஏறி அழைத்தவரைப் பார்ப்பது. ‘நிலை’க்கு என்ன அனுப்பினார்கள்? அழைப்புக்கு மேலே இரண்டு மூன்று இன்ஸ்ட்ரக்ஷன் பார்த்தால் ‘இஎஸ்ஐயில் (ஆர்எஸ்ஐயின் கீழ் 32 பிட்) 2 ஐ வை’ என்று ஒரு மூவ் இருக்கும். விடை அதுதான். பல நேரம் ஜிடிபியே இந்த வேலையைச் செய்து, வேரியபிளின் பெயருக்குப் பின் ‘அட் என்ட்ரி’ என்று ஒட்டி, நுழைந்தபோதிருந்த மதிப்பைக் காட்டும். டிபக் தகவலுக்காக 2017-இல் வந்த டுவார்ஃப் 5 தரத்தில் இதற்கென்றே இடம் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் பக்கத்திலிருக்கும் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’டை மட்டும் பார்த்துத் திட்டுபவர்கள் அநேகம்.

சந்தேகம் வந்தால் ஜிடிபியில் ‘இன்ஃபோ அட்ரஸ்’ கட்டளை கொடுங்கள். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரி வரை வேரியபிள் எந்த ரெஜிஸ்டரில் வாழ்கிறது என்ற பட்டியல் வரும். நாம் நிற்கும் இடம் எந்தப் பட்டியலுக்குள்ளும் இல்லையென்றால் தேடுவதை நிறுத்திவிடலாம்.

## பதிவுசெய்து பின்னோக்கி ஓட்டுவது

மொஸில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற கருவி லினக்ஸில் ஓட்டத்தை முழுதாகப் பதிவுசெய்து, அதே பைனரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் முன்னும் பின்னும் ஓட்ட விடுகிறது. வேரியபிளை அது மீட்டுத் தராது. ஆனால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்று வந்தால், பின்னோக்கி ஸ்டெப் போட்டு அது உயிரோடு இருந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ரெஜிஸ்டர் படிக்கும் வழியோடு இதைச் சேர்த்தால் வேறெதுவும் வேண்டியிருக்காது.

குறை: எல்லா த்ரெட்டையும் ஒரே கோரில் மாற்றி மாற்றித்தான் ஓட்டும், நிஜமான பேரலலில் மட்டும் வரும் பக் சிக்காமல் போகலாம். பிராசஸரின் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்கள் தேவை. பல விர்ச்சுவல் மெஷின்களில் அவை கிடைப்பதில்லை.

## கோர் டம்ப் மட்டும் கையில் இருந்தால்

மேலே சொன்ன ஆறில் ஐந்து அடிபட்டுப் போகும். ரெஜிஸ்டர் படிப்பது ஒன்றுதான் மிச்சம், அதுவும் நின்ற நொடியை மட்டும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பில்ட் செய்த அன்றே எடுத்த முடிவு. ஓ2-வோடு, டிபக் தகவலைச் சேர்க்கும் ஹைஃபன்-ஜி ஃபிளாக்கையும் சேர்த்துக் கட்டுங்கள். இயங்கும் கோடை அது மாற்றாது, ஃபைல் மட்டும் பெருக்கும். டிபக் தகவலைத் தனி ஃபைலாகப் பிரித்து, வெளியிடும் ஒவ்வொரு பைனரியோடும் பத்திரப்படுத்துங்கள். விஷுவல் சி++ என்றால் பிடிபி ஃபைல். அங்கே ஆப்டிமைஸ் ஆன கோடின் வேரியபிள்களுக்குக் கூடுதல் தகவல் தரும் இசட்ஓ ஃபிளாக் 2015 பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது. டம்பைத் திறந்ததும் முதல் வேலை, பைனரியின் பில்ட் ஐடியும் டிபக் ஃபைலின் பில்ட் ஐடியும் ஒன்றுதானா என்று பார்ப்பது. நேற்றைய பில்டின் சிம்பலோடு இன்றைய டம்பைத் திறந்தால் எல்லா வேரியபிளும் அழகாக, நம்பும்படியாக, தப்பாகத் தெரியும்.